இரண்டு மணி நேரத்தில் தீர்ப்பு சொல்லுங்கள்

கணினி விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் வாங்கிய விளையாட்டை ஆடத் தொடங்கியதும், ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து அடிக்கும்படி கைப்பேசியில் அலாரம் வையுங்கள். அது அடிக்கும்போது விளையாட்டு எப்படி என்று ஒரே வரியில் உங்கள் தீர்ப்பை எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேட்டுவிடுங்கள்.

வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. பதிவிறக்கும் நேரம் அந்த 2 மணி நேரத்தில் சேராது. ராயபுரத்தில் என் வீட்டைப் போல இணையம் இரவெல்லாம் ஊர்ந்தாலும் கவலையில்லை. ‘ஹேடிஸ்’ போன்ற விளையாட்டு அரை மணியிலேயே தன்னைக் காட்டிவிடும்: விரல்களுக்கு விருந்து. ‘ஸ்டார்டியூ வேலி’க்கு ஒரு மணி நேரம் போதும்: பொறுமைசாலிகளின் சொர்க்கம்.

மெதுவாகத் தொடங்கும் பெரிய விளையாட்டுகளுக்கு இந்த வழி உதவாது. 2018இல் வந்த ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ முதலில் பனிமலையிலேயே நம்மை நடக்க வைக்கிறது. அதை வைத்துத் தீர்ப்பு எழுதினால் அருமையான படைப்பு ஒன்றை இழந்துவிடுவீர்கள். அத்தகையவற்றைத் தள்ளுபடி வரும்வரை காத்திருந்து வாங்குங்கள். பர்மா பஜாரில் வாங்கும் டிஸ்க்குக்கும், வேறு இடத்தில் வாங்கிய கீக்கும் (விளையாட்டைத் திறக்கும் குறியீடு) ஸ்டீம் பணம் தராது. டிஸ்க் என்றால் கடைக்காரரிடம் மாற்றித் தருவாரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.