கோடியக்கரையில் வெளிமானைப் படமெடுக்க எங்கே ஒளிவது?

கோடியக்கரைப் புல்வெளியில் வெளிமானைப் படமெடுக்க, வனத்துறை அனுமதியோடு, உள்ளே ஒளிந்துகொள்ள மடக்குக் கூடாரம் ஒன்றைக் கொண்டுபோனேன். கடல்காற்றில் துணி படபடவென்று அடித்தது. வெளிமானுக்குக் கண்பார்வை கூர்மை. திறந்தவெளியில் துணி அசைந்தாலே கூட்டமே துள்ளி ஓடிவிடுகிறது. முனைகளை இழுத்துக் கட்டியும் பயனில்லை.

அப்புறம் கூடாரத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, அங்கேயே நிற்கும் சீமைக்கருவேலப் புதருக்குப் பின்னால், என் வாடை மானுக்குப் போகாமல், காற்று முகத்தில் அடிக்கிற மாதிரி உட்கார்ந்தேன். முள் குத்தும், கொசு பிடுங்கும். ஆனால் முறுக்குக் கொம்போடு ஆண்மான் அருகிலேயே மேய்ந்தது. மறைவுக்காகக் கிளை எதையும் ஒடிக்கவில்லை, அது சரணாலயம்.

வயல்வெளியில் கொக்கு, நாரை எடுக்க மட்டும் இன்னும் கூடாரம்தான். வரப்பில் ஒளியப் புதர் ஏது?