இறுகிய கையைத் தளர்த்தும் கிறுக்கல் பயிற்சிகள்

படம் வரையத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே பலருக்குக் கை இறுகிவிடுகிறது. போட்டோவில் கட்டம் போட்டு, ஒரு கோடு இழுத்து, அழித்து, மறுபடி இழுத்து... உருவம் அச்சு அசலாக வரும், உயிர் இருக்காது. 'ஃப்ரீயா வரை' என்று சொல்வதால் மட்டும் கை தளராது. ரப்பர், கூர்முனை, தாராளமான நேரம் என்று அது எதையெல்லாம் நம்பியிருக்கிறதோ, அவற்றைப் பிடுங்கிவிட வேண்டும்.

தேவை: பழைய செய்தித்தாள் அல்லது ஏ3 தாள்கள், 6பி பென்சில், ஒரு பாட்டில் இங்க், தென்னை ஈர்க்கு, ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட் (பனியன் தைப்பதில் கழியும் துண்டுத் துணி). திருப்பூர்க்காரர்களுக்குக் கடைசிச் சாமான் கிடைக்குமிடத்தைச் சொல்லத் தேவையில்லை.

1. தோளிலிருந்து கோடு

தாளை அட்டையில் க்ளிப் போட்டு, நின்றுகொண்டு வரையுங்கள். பென்சிலை முனையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள். மணிக்கட்டு அசையாமல், கை முழுவதும் தோளிலிருந்து சுழல வேண்டும். பெரிய வட்டம், எட்டு, சுருள். இரண்டு நிமிடம் போதும்.

2. முப்பது விநாடி மாடு

பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் நெரிசல் அதிகம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குக் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுதான் (வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) வசதி. கிளுவை வேலிக்கு வெளியே நின்றால் போதும், மாடு தன்பாட்டுக்கு மேயும். போனில் 30 விநாடி டைமர் வையுங்கள். கொம்பின் அழகில் மயங்கி அங்கே தொடங்கினால் படம் கெட்டது. திமிலில் தொடங்கி, முதுகு வழியாக வால் நுனி வரை ஒரே இழுப்பு. அப்புறம் வயிற்றின் தொங்கல், எடை இறங்கும் கால். கொம்பு கடைசியில், நேரமிருந்தால். மாடு நகர்ந்துவிட்டதா? அதை அப்படியே விட்டு, பக்கத்திலேயே அடுத்ததைத் தொடங்குங்கள். மேயும் மாடு பழைய நிலைக்குத் திரும்பவும் வரும். அப்போது பாதியில் விட்டதைத் தொடரலாம். 'என்னுங்க, மாட்டுக்கு மூணு காலுதானா?' என்று மேய்ப்பவர் கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த தாளை எடுங்கள்.

3. தாளைப் பார்க்காமல் மஞ்சள்

இது மட்டும் மெதுவாகச் செய்ய வேண்டியது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். விரலி (விரல் மாதிரிக் கிளைத்திருக்கும் கிழங்கு) பிரிக்காத பச்சை மஞ்சள் கொத்து ஒன்றை எதிரில் வையுங்கள். ஈரோட்டுப் பக்கம் தை, மாசியில் காடுகளில் அறுவடை நடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். கண் கொத்தின் விளிம்பில் எறும்பு மாதிரி ஊர வேண்டும். அதே வேகத்தில் பென்சிலும். தாளைப் பார்க்கக் கூடாது, பென்சிலை எடுக்கவும் கூடாது. ஒவ்வொரு விரலியிலும் வளையம் வளையமாகக் கணுக்கோடு இருக்கும். கோடு அங்கே உள்ளே போய்த் திரும்பி வரட்டும். முடித்ததும் பார்த்தால் விரலிகள் ஆளுக்கொரு பக்கம் ஓடியிருக்கும். ஆனால் ஒரு கணுவையாவது நிஜமாகப் பார்த்து வரைந்திருப்பீர்கள்.

4. இடது கையில் ஈர்க்கு

ஈர்க்கின் நுனியை நசுக்கி, இங்க்கில் தொட்டு, பழகாத கையால் அதே மஞ்சளை வரையுங்கள். கோடு திடீரெனத் தடிக்கும், நடுவிலேயே காயும். காய்ந்த இடத்தில் திரும்ப இழுக்காதீர்கள்.

5. முதலில் கறை, பிறகு கோடு

பனியன் துணியைச் சுருட்டி, தண்ணீர் கலந்த இங்க்கில் நனைத்து, மாட்டின் உடலை ஒரே ஒத்தலில் போடுங்கள். ஈரம் காய்வதற்குள் ஈர்க்கால் முதுகுக்கோடும் காலும். இங்க் லேசாகப் படரும், படரட்டும். துணி சுத்தக் காட்டனாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தது இங்க்கை உறிஞ்சாமல் தாளெல்லாம் ஒழுகவிடும்.