இணையவழி பிசியோதெரபி வகுப்பு: வீடியோவிலும் கேஸ் ஸ்டடியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இணையத்தில் பிசியோதெரபி கற்பிக்கத் தொடங்கும் இளம் ஆசிரியர்கள் சிலர் தங்கள் வீடியோக்களையும் கேஸ் ஸ்டடிகளையும் எனக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள். ஆரம்பத்தில் நான் செய்த தவறுகள் அப்படியே திரும்ப வருகின்றன. மைக் சரியில்லை, வெளிச்சம் போதவில்லை என்பதெல்லாம் முதல் வகுப்பிலேயே தெரிந்துவிடும், அவற்றை விடுகிறேன். மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியாமல் கெடுப்பவற்றைச் சொல்கிறேன்.

நோயின் பெயரைத் தலைப்பில் வைப்பது

என் முதல் கேஸ் ஸ்டடி, தோள்மூட்டு இறுகிப்போன ஒருவரைப் பற்றியது. அதற்கு ‘ஃப்ரோசன் ஷோல்டர், 54 வயதுப் பெண், சர்க்கரை நோய் உண்டு’ என்று தலைப்பு வைத்தேன். அதன் கீழே நோய் வரலாறு, பரிசோதனை, சிகிச்சை எல்லாம் ஒரே பக்கத்தில். கூடவே, அவர் கையைத் தூக்க முயலும் வீடியோ. தேர்வில் எல்லோரும் நல்ல மதிப்பெண். நானும் மகிழ்ந்துபோனேன்.

சில மாதம் கழித்து, நேரடிப் பயிற்சியில் அந்த வகுப்பின் நல்ல மாணவி ஒருவர் ஒரு பெரியவரைப் பார்த்தார். தோளில் வலி, கையைத் தூக்க முடியவில்லை. ஃப்ரோசன் ஷோல்டர் என்று எழுதி ஸ்ட்ரெச்சிங்கையும் தொடங்கிவிட்டார். நான் போய்ப் பெரியவரின் கையைத் தாங்கித் தூக்கினேன், முழுவதும் போனது. விட்டதும் கை அப்படியே இறங்கிவிட்டது. பாசிவ் அசைவு (பிறர் தூக்கிவிடுவது) முழுதாக இருந்து ஆக்டிவ் (தானே தூக்குவது) மட்டும் குறைந்திருந்தால், தோளைச் சுற்றியுள்ள ரொட்டேட்டர் கஃப் தசைநார்கள் கிழிந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஃப்ரோசன் ஷோல்டரில் இரண்டுமே குறையும். கையை வெளிப்புறமாகத் திருப்புவது குறிப்பாகக் குறையும்.

“பாசிவ் ஏன் பார்க்கவில்லை?” என்றேன்.

“நீங்க காட்டின வீடியோவில் அது இல்லையே, சார்.”

அவர் சொன்னது உண்மை. பெயர் முதலிலேயே தெரிந்துவிட்டதால், எதைச் சோதிக்க வேண்டும் என்று யோசிக்க நான் அவருக்கு இடமே தரவில்லை. அதனால்தான் ‘ஏசிஎல் கிழிசல்’ என்று முழங்கால் இணைப்புநார்க் காயத்தின் பெயரோடு ஒரு வீடியோ வந்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. திறப்பதற்கு முன்பே விடையைச் சொல்லியாகிவிட்டது!

இப்போது, நோயாளி தன் தொல்லையைச் சொல்லும் ஒரு நிமிடத்தை மட்டும் முதலில் காட்டுகிறேன். அங்கே நிறுத்தி, என்னவாக இருக்கலாம் என்று மூன்று காரணங்களையும், அவற்றைப் பிரித்தறிய எந்தச் சோதனை வேண்டும் என்பதையும் எழுதி அனுப்பச் சொல்கிறேன். பாசிவ் அசைவைக் கேட்டால்தான் அந்த வீடியோ. கேட்காதவர்கள் அது இல்லாமலே முடிவெடுக்கட்டும், அப்புறம் பேசலாம். முதுகுவலி கேஸில் மட்டும் விதிவிலக்கு. சிறுநீர் கழிப்பதில் சிரமமா, அமரும் இடம் மரத்துப்போகிறதா என்று கேட்காமல் யாராவது உடற்பயிற்சிக்குப் போனால் வகுப்பை அங்கேயே நிறுத்திவிடுவேன். இவை காடா ஈக்வைனா (தண்டுவடத்தின் கீழ்முனையிலுள்ள நரம்புக் கற்றை) பாதிப்பின் அறிகுறிகள், அது அவசர அறுவைக்குரியது. அதைத் தவறவிட்டால் நோயாளிக்கு நிரந்தர இழப்பு நேரலாம்.

நடையைப் பக்கவாட்டில் மட்டும் எடுப்பது

முழங்கால் பின்னோக்கி வளைவதும் பாதம் தொங்குவதும் பக்கவாட்டில் நன்றாகத் தெரியும். இடுப்பு ஒரு பக்கம் இறங்கும் ட்ரெண்டலென்பர்க் நடை தெரியாது. இடது குளூட்டியஸ் மீடியஸ் (இடுப்பின் பக்கத் தசை) பலவீனமானால், இடது காலில் நிற்கும்போது வலது இடுப்பு இறங்கும். அதைக் காட்ட, கேமராவை இடுப்பு உயரத்தில், முன்னாலோ பின்னாலோ வைக்க வேண்டும். தொளதொள உடை அதையும் மறைத்துவிடும்.

வீடியோ ஓடும்போதே விளக்குவது

முதல் முறை ஒலியில்லாமல் ஓடட்டும்.

சம்மதத்தைக் குழப்பிக்கொள்வது

சிகிச்சைக்குத் தந்த சம்மதம் படம்பிடித்துப் பாடம் நடத்தத் தந்த சம்மதம் ஆகாது. முகத்தை மறைத்தாலும் குரலும் உடலில் குத்திய பச்சையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

கையால் உணர வேண்டியதைத் திரையில் காட்ட முயல்வது

எண்ட் ஃபீல் (அசைவின் கடைசியில் மூட்டு கைக்குத் தரும் உணர்வு) பற்றி நான் எடுத்த நீண்ட வீடியோ ஒன்றுக்கும் உதவவில்லை. இப்போது அவரவர் முழங்கையை முழுதாக நீட்டிப் பார்க்கச் சொல்கிறேன். கெட்டியாக முட்டி நிற்கும். பிறகு முழங்காலைக் கையால் மடக்கினால் தசையோடு தசை சேர்ந்து மெத்தென்று நிற்கும். இந்த வேறுபாடு உடனே புரிந்துவிடுகிறது. ஸ்பாஸ்டிசிட்டியை (நரம்புப் பாதிப்பால் வரும் தசை இறுக்கத்தை) மாடிஃபைட் ஆஷ்வொர்த் அளவுகோலில் தரம் பிரிப்பதை மட்டும் நேரடி வகுப்பு வரும்வரை நான் தொடுவதில்லை.