விழுவது பிரேக்கர், பிழை டெர்மினலில்

கொழும்பு முகத்துவாரத்தில் மீன்பிடித் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு ஐஸ் தொழிற்சாலை. கொம்ப்ரசருக்குப் போகும் 250 அம்பியர் எம்.சி.சி.பி. (பிளாஸ்டிக் உடம்புள்ள) பிரேக்கர் தினமும் பின்னேரம் இரண்டு மணியளவில் விழுந்துகொண்டிருந்தது, அதாவது தானாக ஓஃப் ஆகிக்கொண்டிருந்தது. ஒரு தடவை பிரேக்கரை மாற்றினார்கள். இரண்டு கிழமை நன்றாக ஓடியது, திரும்பவும் விழத் தொடங்கியது. இன்னொன்று வாங்கிப் போட்டார்கள். அதுவும் அப்படியே. 320 அம்பியரில் ஒன்று போட்டால் நிற்குமா என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பெனல் கதவைத் திறந்ததும் அழுகின மீன் வாடை அடித்தது. பிரேக்கரிலும் டெர்மினலிலும் (கேபிளைப் பூட்டும் இடம்) இருக்கும் பிளாஸ்டிக் அளவுக்கு மீறிச் சூடானால் பல நேரம் அப்படித்தான் மணக்கும். வேறு இடமென்றால் யாராவது மூக்கைச் சுளித்துக்கொண்டு வந்து சொல்லியிருப்பார்கள். இங்கே சுற்றிவர மீன் என்பதால் மாதக்கணக்காக ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பிரேக்கரின் கீழ்ப்பக்கத்தில் நடுப் பேஸின் லக் (கேபிள் முனையில் நசுக்கிப் பூட்டும் செம்புக் காது) கறுத்திருந்தது. கேபிள் உறை நாலு விரல் நீளத்துக்குப் பழுப்பாகி, தொட்டால் பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. கிளாம்ப் மீற்றர் வைத்துப் பார்த்தேன். 180 அம்பியர்தான் ஓடுகிறது. 250 அம்பியர் பிரேக்கர் விழ வேண்டிய கரண்டே அல்ல.

இந்த வகைப் பிரேக்கருக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிய பட்டி ஒன்று இருக்கிறது. கரண்ட் கூடினால் அது சூடாகி வளைந்து பிரேக்கரை விழுத்தும். அந்தப் பட்டிக்குச் சூடு எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. லக் இருக்கும் இடத்தில் ஆயிரத்தில் ஒரு ஓம் அளவு தடை சேர்ந்துவிட்டது என்று வையுங்கள். 180 அம்பியர் அதனூடாக ஓடும்போது 32 வோட் வெப்பம் பிறக்கும். ஈயம் ஒட்டுகிற சின்னச் சோல்டரிங் அயனின் சூடு அது. அந்த அயனை டெர்மினலுக்குள் செருகிவிட்டுக் கதவைப் பூட்டியதுபோல. மத்தியான வெயிலில் பெனல் அறையும் கொதிக்கும்போது பட்டி வளைகிறது, பிரேக்கர் விழுகிறது. அங்கே பிரேக்கர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது. 320 அம்பியர் போட்டிருந்தால் அதுவும் வாயை மூடியிருக்கும், கேபிள் எரிந்திருக்கும்.

ஆகவே, பிரேக்கர் விழுந்தால் முதலில் பிரேக்கரைச் சந்தேகிப்பதுதான் நான் அதிகம் காணும் பிழை. கேபிளும் பிரேக்கரும் சந்திக்கும் இடத்தை வடிவாகப் பார்த்த பிறகே புதுப் பிரேக்கருக்குக் காசு செலவழியுங்கள்.

அடுத்த பிழை, கறுத்த இணைப்பை ஸ்பானரால் இன்னொரு சுற்று இறுக்கிவிட்டுப் போவது. ஒரு தடவை நன்றாக வெந்த செம்பு மெதுமையாகிவிடும். ஸ்பிரிங் வோஷர் தன் விசையை இழந்திருக்கும். லக்கின் முகத்தில் கறுப்புப் படலம் கட்டியிருக்கும். மேலிருந்து இறுக்கினால் அந்தப் படலம்தான் நடுவில் நசுங்கும். ஒரு மாதம் கழித்து அதே கதை. கழற்றுங்கள். கேபிளை மினுங்கும் செம்பு தெரியும் வரை பின்னால் வெட்டுங்கள். புது லக், புது ஸ்க்ரூ, புது வோஷர். பிரேக்கரின் டெர்மினல் தகடே நிறம் மாறியிருந்தால் அல்லது பிளாஸ்டிக் உடம்பு கருகியிருந்தால் அந்தப் பிரேக்கரைக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். வெள்ளி முலாம் பூசிய தகட்டை எமரித் தாளால் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள். தேய்த்த உடனே பளபளக்கும், ஆனால் முலாம் போய்விடும். கொழும்பின் கடற்காற்றில் முலாம் போன செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்க அதிக நாள் எடுக்காது.

சரி, மாற்றுவது என்று முடிவெடுத்தாயிற்று. கையை வைக்க முன் ஒரு விஷயம். பிரேக்கர் ஓஃப் என்றால் அதிலிருந்து கரண்ட் வெளியே போகும் பக்கம் மட்டும்தான் ஓஃப். சப்ளை வரும் பக்கத்தில் 400 வோல்ட் அப்படியே நிற்கும். இது எல்லோருக்கும் தெரியும் என்றுதான் நினைப்போம், ஆனாலும் அவசரத்தில் கை போய்விடுகிறது. மெயினை ஓஃப் செய்துவிட்டு நிம்மதியாக வேலை தொடங்குவது அதைவிட மோசம். இங்கே கொஞ்சம் பெரிய கட்டடம் என்றால் ஜெனரேற்றர் இருக்கும், தானாக மாறும் சுவிட்சும் இருக்கும். நீங்கள் மெயினை விழுத்தியதும் அந்தச் சுவிட்ச் மின்சார சபைக் கரண்ட் போய்விட்டது என்று எண்ணி ஜெனரேற்றரைக் கிளப்பும். சில விநாடிகளில் நீங்கள் கை வைத்திருக்கும் பஸ்பாரில் (கரண்ட் ஓடும் செம்புப் பட்டை) திரும்பக் கரண்ட் வரும். அதனால் ஜெனரேற்றரின் சாவியை ஓட்டோவிலிருந்து திருப்பி, பற்றரியைக் கழற்றி, மெயினுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வையுங்கள். 'இதில் ஆள் வேலை செய்கிறார்' என்ற அட்டை தமிழிலும் சிங்களத்திலும் தொங்கட்டும்.

கெப்பாசிட்டர் பெனல் இருந்தால் அதில் மின் தேங்கி நிற்கும், ஆகவே ஓஃப் செய்த பிறகும் பொறுத்திருக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்குள் 75 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும் என்பது நியமம். தேங்கிய மின்னை வடிக்கும் தடை உள்ளே எரிந்திருந்தால் இறங்காது, ஆகவே அளந்துதான் நம்ப வேண்டும். அளக்கும் டெஸ்டரையும் முதலில் கரண்ட் இருக்கும் ஒரு இடத்தில் வைத்துப் பாருங்கள். பிறகு வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். திரும்பவும் கரண்ட் உள்ள இடத்தில் வையுங்கள். டெஸ்டர் நடுவில் செத்துப்போனால் இந்த மூன்றாவது தொடுகைதான் காட்டிக்கொடுக்கும். பெரிய ஏ.சி.பி. (காற்றிலேயே தொடர்பைத் துண்டிக்கும்) பிரேக்கர் என்றால் ஸ்பிரிங் இழுத்து வைத்திருக்கும். அதை விடுவிக்காமல் உள்ளே விரல் விட்டால் எலும்பு மிஞ்சாது.

கன்ட்ரோல் வயர் டெர்மினல்களில் வேறு வகைப் பிழைகள். இவற்றுக்குக் கரண்ட் பல நேரம் வேறு பக்கத்திலிருந்து வரும். மெயின் ஓஃப் ஆனாலும் பற்றரியிலிருந்து 110 வோல்ட் நிற்கலாம். ஒவ்வொரு டெர்மினலையும் தனித்தனியே அளங்கள். அதிலும் சி.டி. (பெரிய கரண்டை அளக்கச் சிறிதாக்கித் தரும் டிரான்ஸ்போமர்) வயர்களில் மிகக் கவனம் வேண்டும். ரிலேக்கும் (பழுதைக் கண்டு பிரேக்கரை விழுத்தச் சொல்லும் கருவி) அம்பியர் மீற்றருக்கும் 5 அம்பியரோ 1 அம்பியரோ கொண்டுவரும் வயர்கள் அவை. லோட் ஓடும்போது அதைக் கழற்றினால் வெட்டிய முனையில் ஆயிரக்கணக்கில் வோல்ட் ஏறலாம். ஆளையும் அடிக்கும், சி.டி.யையும் கெடுக்கும். முதலில் டெர்மினலில் இருக்கும் லிங்கைப் போட்டு இரண்டு வயரையும் குறுக்கே இணைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். வேலை முடிந்ததும் அந்த லிங்கைத் திறக்க மறக்கக்கூடாது. மறந்தால் ரிலேக்குக் கரண்டே தெரியாது, ஷோர்ட் ஆனாலும் பிரேக்கர் விழாது.

வயர் கழன்றாலும் எல்லாக் கொயிலும் (பிரேக்கரை விழுத்தும் கம்பிச் சுருள்) ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. வோல்ட் குறைந்தால் விழுத்தும் அண்டர்வோல்டேஜ் கொயிலின் வயர் கழன்றால் பிரேக்கர் உடனே விழுந்துவிடும், தேடிப் பிடிக்கலாம். கரண்ட் கொடுத்தால்தான் விழுத்தும் ஷண்ட் டிரிப் கொயிலின் வயர் கழன்றால் வெளியே ஒன்றுமே தெரியாது. யாரோ ஒரு நாள் அவசரச் சிவப்புப் பொத்தானை அமுக்கும்போதுதான் தெரியவரும். அதனால் டெர்மினல் மாற்றிய பிறகு ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கி, பிரேக்கர் விழுகிறதா என்று கண்ணால் பாருங்கள். கழற்ற முன் போனில் நாலு படம் எடுங்கள். எல்லா வயருக்கும் இலக்கம் போடுங்கள். நிறத்தை மட்டும் நம்பினால் மாட்டிக்கொள்வீர்கள். பழைய கட்டடங்களில் சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல். புது முறையில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் பேஸ், நீலம் நியூட்ரல். பழைய பெனலில் புது இயந்திரம் பூட்டியிருந்தால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் கிடக்கும்.

இனி இறுக்கும் விஷயம். இறுக்கம் குறைந்தால் சூடாகும் என்று பயந்து பலர் உடம்புப் பலம் முழுவதையும் போடுகிறார்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போகும் சின்ன டெர்மினலில் பொதுவாக எம் 3 ஸ்க்ரூதான் இருக்கும். அதற்கு அரை நியூட்டன் மீற்றர் அளவு போதும், விரல் நுனியால் திருப்பும் பலம்தான். அதற்கு மேல் போனால் புரி கழன்றுவிடும், அல்லது பிளாஸ்டிக் கண்ணுக்குத் தெரியாமல் வெடிக்கும். பெரிய பிரேக்கரில் எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதன் முகப்பிலோ பக்கத்திலோ அச்சிட்டிருக்கிறார்கள். அளவு பார்த்து இறுக்கும் டோர்க் ஸ்பானர் விலைதான், ஆனால் ஐஸ் தொழிற்சாலைக்காரர் மாற்றிய இரண்டு பிரேக்கரின் விலையை நினைத்தால் அது பெரிய காசில்லை. இறுக்கி முடிந்ததும் ஸ்க்ரூவின் தலையிலிருந்து தகடு வரைக்கும் பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுங்கள். அடுத்த வருடம் கோடு விலகியிருந்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது. கோடு நேராக, நிறம் மாறாமல் இருந்தால் சும்மா போய் இன்னொரு தடவை இறுக்க வேண்டியதில்லை.

ஸ்க்ரூ தொலைந்துவிட்டால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவில் அதே தடிப்பில் ஒன்று வாங்கிப் போடுவது வழக்கம். தடிப்பு சரி, நீளம்? மூன்று மில்லிமீற்றர் கூடுதல் நீளமான ஸ்க்ரூ துவாரத்தின் அடியில் போய் முட்டி நின்றுவிடும். கைக்கு நன்றாக இறுகியது போலத் தெரியும், டோர்க் ஸ்பானர்கூட கிளிக் என்று சொல்லும், லக் மட்டும் உள்ளே தளர்ந்து கிடக்கும். பிரேக்கரின் மொடல் இலக்கத்தைக் கொடுத்து அதற்குரிய டெர்மினல் கிட்டையே கேளுங்கள். வோஷரை லக்குக்கும் தகட்டுக்கும் இடையில் போடுபவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் போட்டால் கரண்ட் இரும்பினூடாகப் போக வேண்டும். வோஷர் ஸ்க்ரூத் தலைக்குக் கீழேதான் வர வேண்டும்.

வயர் முனையிலும் அவசரம் வேலை செய்கிறது. வயர் லக்கின் துவாரத்துக்குள் போகவில்லை என்று நாலு இழையைக் கத்தரித்துவிடுகிறார்கள். பல இழை வயரின் முனையில் ஈயம் பூசி டெர்மினலுக்குள் செருகுகிறார்கள். ஈயம் அழுத்தத்தில் மெல்ல மெல்ல வழிந்துகொடுக்கும், சில மாதத்தில் ஸ்க்ரூ தளர்ந்துவிடும். குழாய் போன்ற ஃபெரூல் போட்டு அதற்குரிய குறட்டால் நசுக்குங்கள். ஒரு டெர்மினலுக்குள் 1.5 வயரையும் 4 வயரையும் சேர்த்துப் போட்டால் தடித்ததைத்தான் ஸ்க்ரூ பிடிக்கும், மெல்லியது சும்மா நிற்கும். அலுமினியம் கேபிளைச் செம்புத் தகட்டில் பூட்ட இரண்டு உலோகமும் சேர்ந்த லக் வேண்டும்.

கழற்றிய பேஸ் தடுப்புத் தகடுகளைத் திரும்பப் போடாமல் விடுவது சின்ன விஷயம் போலத் தெரியும். புது லக் பழையதைவிட அகலமாக இருந்தால் இரண்டு பேஸுக்கு நடுவில் இருக்கும் இடைவெளி அந்தளவுக்குக் குறையும். அந்தப் பிளாஸ்டிக் தகடு அதற்குத்தான் இருக்கிறது. பெனலுக்குள் இருக்கும் உலோகப் பட்டியில் (ரெயில்) வரிசையாகப் பூட்டும் டெர்மினலின் கடைசி மூடியும் அதே மாதிரிதான். மூடி இல்லாவிட்டால் ஒரு பக்கம் கரண்ட் உள்ள உலோகம் திறந்து கிடக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு வெப்பக் கமராவால் பார்ப்பது நல்லது. லோட் இல்லாமல் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று எழுதுவதில் பிரயோசனமில்லை. 180 அம்பியரில் 32 வோட் தரும் பழுது, 90 அம்பியரில் எட்டு வோட்தான் தரும். பிரேக்கரின் அளவில் குறைந்தது 40 வீதமாவது லோட் ஏறிய பிறகு பாருங்கள். மூன்று பேஸையும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். மினுங்கும் செம்பைக் கமரா குளிராகவே காட்டும், அதனால் பக்கத்தில் இருக்கும் கேபிள் உறையைப் பார்ப்பதுதான் நம்பகம்.

ஐஸ் தொழிற்சாலையில் 250 அம்பியர் பிரேக்கரையே திரும்பவும் போட்டோம். கேபிள் வெட்டினதில் நீளம் பத்தவில்லை. இழுத்துக் கட்டாமல், பிரேக்கருக்குக் கீழே புதுச் செம்புத் தகட்டுத் துண்டு போட்டு நீட்டினோம். இறுக்கிய அளவையும் திகதியையும் பெனல் கதவின் உட்பக்கத்தில் எழுதினேன். அடுத்த நாள் பின்னேரம் இரண்டு மணிக்குக் கமராவோடு போய் நின்றேன். மூன்று பேஸும் ஒரே நிறத்தில் இருந்தன. கதவைத் திறந்துவிட்டு அங்கே வேலை செய்யும் தம்பியை மோந்து பார்க்கச் சொன்னேன். உள்ளே மீன் வாடை இல்லை, வெளியிலிருந்து வந்தது மட்டும்தான்.