தலையில் அடிபட்ட பிறகு: மூளைச் சோதனையும் நியூரோஃபீட்பேக்கும் எந்த வரிசையில்?

நான் கோல்கீப்பர். கார்னரில் வந்த பந்துக்குத் தாவியபோது எங்கள் டிஃபெண்டரின் முழங்கால் என் காதுக்கு மேலே இடித்தது. நினைவு தப்பவில்லை. எழுந்தேன், பந்தை உதைத்தேன், மீதி 20 நிமிடமும் ஆடினேன். செய்யவே கூடாத காரியம் அது. மூளையதிர்ச்சிக்கு ஆளாகிறவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை. அன்று இரவு ட்யூப்லைட் வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மறுநாள் காலை வாய் கொப்பளிக்கக் குனிந்தால் அறை சுற்றியது.

அடுத்த நான்கு மாதத்தில் ஏகப்பட்ட சோதனைகளும் 22 நியூரோஃபீட்பேக் அமர்வுகளும் (தன் மூளையலையைத் திரை வழியே பார்த்து மாற்றப் பழகும் பயிற்சி) ஆயின. நான் செய்த வரிசை தப்பு. எப்படிச் செய்திருக்க வேண்டுமோ அந்த வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

அடிபட்டவுடன் ஆட்டத்தை விட்டு வெளியே வாருங்கள். களத்தோரச் சோதனையில் தேறிவிட்டோம் என்று நம்பித் திரும்ப இறங்காதீர்கள். 2019 லார்ட்ஸ் டெஸ்டில் ஆர்ச்சரின் பவுன்சர் கழுத்தில் பட்ட ஸ்டீவ் ஸ்மித் சோதனைகளில் தேறி மறுபடி மட்டை பிடித்தார். மறுநாள்தான் தலைவலியும் மந்தமும் வந்து விலகினார். திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, கைகால் மரத்துப்போவது, எழுப்ப முடியாத தூக்கம், கழுத்து வலி, இவற்றில் எது இருந்தாலும் நேராக அவசரப் பிரிவு. அங்கே எடுக்கும் சி.டி. ஸ்கேன் இரத்தக் கசிவோ எலும்பு முறிவோ உண்டா என்று பார்ப்பதற்கு. ‘ஸ்கேன் நார்மல்’ என்றால் மூளையதிர்ச்சி இல்லை என்று பொருளாகாது. இதில் கெடுவது பெரும்பாலும் நரம்பணுக்களின் வேலை. அது அந்தப் படத்தில் தெரியாது.

முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு. ஓய்வு என்றால் இருட்டறையில் போர்த்திக்கொண்டு கிடப்பது என்று நினைத்து நான் ஒன்பது நாள் கிடந்தேன். அந்தப் பழைய வழக்கம் இப்போது மாறிவிட்டது. வீட்டுக்குள் நடக்கலாம், பேசலாம். போனை மட்டும் குறையுங்கள். அதற்குப் பிறகு மெதுவான நடையைத் தொடங்கிவிடலாம்.

சரி, சோதனைகள். மருத்துவரோ பயிற்சி பெற்ற பிசியோவோ முதலில் செய்வது ஸ்காட் 6 (SCAT6) என்ற மூளையதிர்ச்சிச் சோதனை. அடிபட்ட மூன்று நாளுக்குள் செய்தால்தான் அதற்கு முழு மதிப்பு. பத்துச் சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், எண்களையும் மாதங்களையும் தலைகீழாகச் சொல்ல வேண்டும், கண்ணை மூடி இடுப்பில் கைவைத்து மூன்று விதமாக 20 விநாடி நிற்க வேண்டும். நாள் கடந்துவிட்டால் ஸ்கோட் 6 (SCOAT6) என்ற விரிவான வடிவம் இருக்கிறது.

எனக்கு உண்மையில் வழிகாட்டியவை எந்திரமே தேவைப்படாத சோதனைகள்தான். பேனா முனையை மெல்ல மூக்கருகே கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டாகத் தெரியும் தூரம் பொதுவாக 5 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், எனக்கு 14. கட்டைவிரலைப் பார்த்தபடி தலையை இடவலமாக ஆட்டியதும் குமட்டல். கேட்டுக்கொள்ளுங்கள், கண்ணையும் சமநிலையையும் பார்க்கும் இந்தச் சோதனைக்கு வோம்ஸ் (VOMS) என்று பெயர். மருத்துவர் இதைச் செய்யாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

அடுத்து பஃபலோ ட்ரெட்மில் சோதனை. சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எந்த இதயத் துடிப்பில் அறிகுறி தலைதூக்குகிறது என்று பார்ப்பார்கள். எனக்கு 142. அதில் 80 சதவீதம், அதாவது 114 வரைக்கும் தினம் 20 நிமிடம் சைக்கிள் என்று எழுதிக் கொடுத்தார்கள். இளம் ஆட்டக்காரர்களிடம் 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், இப்படி உடற்பயிற்சி செய்தவர்கள் 13 நாளிலும் வெறும் ஸ்ட்ரெட்ச்சிங் செய்தவர்கள் 17 நாளிலும் குணமானார்கள். இரண்டும் இடைநிலை அளவு, அதாவது பாதிப் பேர் அந்த நாளுக்குள் குணமானார்கள்.

இனி மூளையலைக்கு வருவோம். இங்கேதான் என் பணமும் மன நிம்மதியும் போயின. தலையில் 19 எலெக்ட்ரோடு வைத்து எடுக்கும் இ.இ.ஜி.யை, அதாவது மூளையின் மின்னலைப் பதிவை, கணினியில் போட்டு, ஆரோக்கியமானவர்களின் தொகுப்போடு ஒப்பிட்டு வண்ணப் படமாகத் தருவார்கள். கியூ.இ.இ.ஜி. என்பது இதுதான். ஓர் இடத்தில் என் படம் இரு பொட்டுப் பக்கமும் சிவப்பாக எரிந்தது. “40 அமர்வு வேண்டும்” என்றார்கள். அன்றிரவு அழுதேன். பிறகு நரம்பியல் மருத்துவர் ஒருவர் அசல் அலைக்கோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களா? முந்தின இரவு தூங்கினீர்களா?” கடித்தேன், தூங்கவில்லை. தாடைத் தசையின் மின்னோட்டம் வேகமான அலையாகப் பதிவாகும். தூக்கக் கலக்கம் மெதுவான அலையைக் கூட்டும். மறுபடி எடுத்தபோது சிவப்பில் பாதி காணாமல் போனது.

ஆகவே இதை எடுப்பதாக இருந்தால் முந்தின இரவு தலைக்குக் குளியுங்கள். எண்ணெயும் கண்டிஷனரும் வேண்டாம். நன்றாகத் தூங்குங்கள். காபி பற்றி முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துப் பட்டியலைக் கொடுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பதிவின்போது உதட்டைச் சேர்த்து, பல் ஒன்றோடொன்று படாமல் வையுங்கள். வண்ணப் படத்தோடு அசல் பதிவையும் கேட்டு வாங்குங்கள். அந்தப் படம் மட்டும் மூளையதிர்ச்சி உண்டு, இல்லை என்று தீர்ப்புச் சொல்லாது.

நியூரோஃபீட்பேக்கின் கதை பூனையில் தொடங்குகிறது. 1960களில் பேரி ஸ்டெர்மன், ஒரு குறிப்பிட்ட மூளையலை வரும்போதெல்லாம் பூனைக்கு உணவு கொடுத்து அந்த அலையைக் கூட்டப் பழக்கினார். நமக்கு உணவுக்குப் பதில் வீடியோ. என் உச்சந்தலையில் ஒரு எலெக்ட்ரோடு, காதுகளில் இரண்டு. நொடிக்கு 12 முதல் 15 சுற்று வரும் அலை கூடினால் திரை பிரகாசமாகும், மெதுவான அலை கூடினால் மங்கும். ‘எப்படியாவது பிரகாசமாக்க வேண்டும்’ என்று நான் முயன்ற நாளெல்லாம் திரை மங்கியே கிடந்தது. சும்மா பார்க்கப் பழக ஐந்தாறு அமர்வு ஆனது.

மூளையதிர்ச்சிக்கு இது பலன் தருகிறதா? இருப்பவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். போலி அமர்வோடு ஒப்பிட்டவை குறைவு. அதனால் இதை முதலில் தொடாதீர்கள். நான்கு வாரம் தாண்டியும் அறிகுறி இருந்து, கழுத்து, கண், சமநிலை, தூக்கம், மனநிலை எல்லாவற்றுக்கும் சிகிச்சை தொடங்கிய பிறகு வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். சேருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அலையை, எந்த இடத்தில், ஏன் பழக்குகிறீர்கள்? பத்தாவது அமர்வில் முன்னேற்றத்தை எந்திரத்துக்கு வெளியே எதை வைத்து அளப்பீர்கள்? தலைவலி கூடினால் என்ன மாற்றுவீர்கள்? மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள்.

நான் ஒரு நோட்டில் தினமும் தூங்கிய மணி, தலைவலி பத்துக்கு எத்தனை, பேனா தூரம் மூன்றையும் எழுதினேன். 22வது அமர்வில் தூக்கம் சீரானது, பேனா தூரம் 6 செ.மீ. அதே சமயம் சைக்கிளும் கண் பயிற்சியும் நடந்துகொண்டிருந்ததால், எது எதைச் செய்தது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

களத்துக்குத் திரும்புவதை எந்த அலைப் படமும் தீர்மானிக்கக் கூடாது. ஆறு படி, படிக்குக் குறைந்தது 24 மணி நேரம்: அன்றாட வேலை, சைக்கிள், தனியாகக் கால்வேலை, மோதலில்லாப் பயிற்சி, மருத்துவர் கையெழுத்துக்குப் பிறகு மோதலுள்ள பயிற்சி, கடைசியில் ஆட்டம். முதல் மூன்று படியில் அறிகுறி பத்துக்கு இரண்டு புள்ளிக்குள் கூடி ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் பரவாயில்லை. அதைத் தாண்டினால் அன்றைக்கு நிறுத்தி, மறுநாள் முயலுங்கள். நான்காவது படியிலிருந்து அறிகுறி வந்தால் மூன்றாவது படிக்கே திரும்ப வேண்டும். நான் அப்படி இரண்டு முறை இறங்கினேன்.

அப்புறம் பேஸ்லைன். சீசன் தொடங்குமுன் நல்ல உடல்நிலையில், நினைவையும் வேகத்தையும் அளக்கும் கணினிச் சோதனை எடுத்து வைத்தால், பின்னாளில் உங்களை உங்களோடே ஒப்பிடலாம். எங்கள் அணியில் சிலர் வேண்டுமென்றே மந்தமாகச் செய்து வைப்பார்கள். அடிபட்டாலும் தேறிவிடலாம் என்ற கணக்கு. போன வாரம் பக்கத்து நாற்காலியில் ஒரு சின்னப் பெண் அதையே செய்துகொண்டிருந்தாள். என் நோட்டை எடுத்து, ஒன்பது நாள் இருட்டறைப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். மறுபடி முதலிலிருந்து எழுதுகிறேன் என்றாள்.