‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’: மூன்று சரவுண்ட் மிக்ஸ்களை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

பிங்க் ஃபிளாய்டின் இந்த 1973 ஆல்பத்தை ஒப்பிட உட்காரும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்: நீங்கள் ஒப்பிடப்போவது மிக்ஸையா, டிஸ்க்கையா?

பதிவான ஒலிகளை எந்த ஸ்பீக்கரில் எவ்வளவு வர வேண்டும் என்று பிரித்து அமைப்பதுதான் மிக்ஸ். அப்படிப்பட்ட சரவுண்ட் மிக்ஸ் மூன்றுதான். ஆபி ரோட்டில் ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்த ஆலன் பார்சன்ஸ் 1973-இல் அமைத்த நான்கு சேனல் குவாட். ஒலிப் பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி செய்து 2003-இல் எஸ்ஏசிடி என்ற உயர்தர ஆடியோ டிஸ்க்கில் வந்த 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்). அவரே செய்து 2023-இல் வந்த, தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் டால்பி அட்மாஸ். 2011-இல் வந்த இந்த ஆல்பத்தின் சிறப்புப் பெட்டித் தொகுப்பின் ப்ளூ-ரேயில் இருப்பதும் அதே 2003 மிக்ஸ்தான். அதையும் எஸ்ஏசிடியையும் மாற்றி மாற்றிக் கேட்டால் டிஸ்க்கைத்தான் ஒப்பிடுகிறீர்கள். அதே பெட்டியின் டிவிடியில் பார்சன்ஸின் குவாட் டால்பி டிஜிட்டலாகக் கிடைக்கிறது. பழைய எஸ்க்யூ இசைத்தட்டைத் தேடி அலைய வேண்டாம். அதில் நான்கு சேனலையும் இரண்டுக்குள் மடித்து வைத்திருப்பார்கள். நல்ல டிகோடர் இல்லாமல் சரியாகப் பிரியாது.

அடுத்து சத்த அளவு. இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறோம். கொஞ்சம் சத்தமாக இருப்பது எப்போதும் நல்ல மிக்ஸ் போலவே கேட்கும். டால்பி டிராக்குகளில் டயலாக் நார்மலைசேஷன் என்ற குறிப்பு உண்டு. அதைப் பார்த்து ரிசீவர் தானாகவே சத்தத்தைக் குறைத்துவிடலாம். அதனால் வால்யூம் எண்ணை நம்பாதீர்கள். போனில் ஒலி அளக்கும் ஆப்பைப் போட்டு, ‘மணி’ பாட்டின் சாக்ஸபோன் பகுதியை ஒவ்வொரு மிக்ஸிலும் ஓடவிட்டு, சராசரி 75 டெசிபலுக்கு வரும்படி வையுங்கள். அட்மாஸைத் தவிர மற்றவற்றுக்கு டால்பி சரவுண்ட் அப்மிக்ஸை (இருக்கும் சேனல்களைக் கூடுதல் ஸ்பீக்கர்களுக்குப் பரப்பும் வசதி) அணையுங்கள். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் நைட் மோடும் வேண்டாம்.

எஸ்ஏசிடிக்கு இன்னொரு கவனம். ப்ளூ-ரேயில் பேஸ் எவ்வளவோ நன்றாக இருக்கிறது என்று ஒரு மாதம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், எஸ்ஏசிடியின் ஒலி வடிவமான டிஎஸ்டியை நேரடியாக வாசித்தபோது என் ரிசீவர் தாழ்ந்த ஒலிகளைச் சப்வூஃபருக்கு அனுப்பவே இல்லை. வழக்கமான டிஜிட்டல் ஒலி வடிவமான பிசிஎம்மாக மாற்றி அனுப்பும்படி பிளேயரில் வைத்ததும் வித்தியாசம் அநேகமாகப் போய்விட்டது.

சரி, இப்போது கேட்கலாம். முழு ஆல்பத்தையும் அடுத்தடுத்து மூன்று முறை ஓடவிடாதீர்கள், காது களைத்துவிடும். ஒரு நிமிடத் துண்டு போதும். தாளில் அறையைச் சதுரமாக வரைந்து, நடுவில் உங்களைப் புள்ளியாக வையுங்கள். ‘டைம்’ தொடக்கத்தில் கடிகாரங்கள் அடிக்கும்போது எது எந்த மூலையிலிருந்து வருகிறது என்று குறியுங்கள். அந்தக் கடிகாரங்களைப் பார்சன்ஸ் முதலில் பதிவு செய்ததே குவாட் செயல்விளக்கம் ஒன்றுக்காகத்தான். ‘மணி’யின் காசுச் சத்தத்துக்கும் இப்படியே ஒரு தாள்.

அப்புறம் ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’. சென்டர் ஸ்பீக்கரிடம் போய்க் காதை வைத்து, அந்தப் பாட்டைப் பாடிய கிளேர் டோரியின் குரல் அங்கே எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். குவாடில் சென்டரே கிடையாது. குரல் முன் இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே காற்றில்தான் உருவாக வேண்டும். நடு இருக்கையிலிருந்து ஓரடி நகர்ந்தாலும் அது ஒரு பக்கம் சாய்ந்துவிடும். பின் ஸ்பீக்கர்களும் 5.1-க்கான இடத்தில் பக்கவாட்டில் நின்றால் குவாடுக்குப் பொருந்தாது. அவற்றை அறையின் பின் மூலைகளுக்குத் தள்ளிவிட்டுக் கேளுங்கள்.

எனக்கு ‘மணி’ என்றால் பார்சன்ஸ்தான். டோரியின் குரலுக்கு மட்டும் 2003 மிக்ஸைப் போடுவேன்.