ஊப்ஸ் பேப்பர்: மனப்பாடம் செய்யாமல் படிப்பது எப்படி

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிப்பவர்களுக்கு முதல் செமஸ்டரில் பைத்தான், இரண்டாவதில் சி, மூன்றாவதில் ஜாவாவில் ஊப்ஸ், அதாவது ஆப்ஜெக்ட் ஓரியன்டட் ப்ரோகிராமிங். லூப், ஃபங்ஷன் என்று அதுவரை நன்றாகவே போய்க்கொண்டிருந்தவர்கள்கூட மூன்றாவது செமஸ்டரில் தடுமாறுவதற்கு ஒரு பெரிய காரணம், முதல் வாரத்திலேயே போர்டில் வந்து உட்காரும் நான்கு சொற்கள்: என்கேப்சுலேஷன், அப்ஸ்ட்ராக்‌ஷன், இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிசம். 2 மார்க் கேள்விக்கு இவற்றின் வரையறை போதும் என்பதால் எல்லோரும் அதை உருப்போடுகிறார்கள், அப்புறம் லேப்பில் காலியான ஃபைலைத் திறந்து ஒரு கிளாஸ் எழுதச் சொன்னால் கை ஓடுவதில்லை.

அந்த நான்கையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். கிளாஸ் என்பது ஒரு அச்சு, அதிலிருந்து செய்தெடுப்பது ஆப்ஜெக்ட். ப்ரோகிராம் ஓடும்போது எத்தனை ஆப்ஜெக்ட் இருக்கிறது, எந்த வேரியபிள் எந்த ஆப்ஜெக்டைக் காட்டுகிறது, இந்த இரண்டையும் தாளில் வரையத் தெரிந்துவிட்டால் பாடத்தில் பாதி முடிந்தது. மீதி எல்லாமே அந்தப் படத்தை வைத்துத்தான் புரியும்.

வரைந்து பழக நல்ல கணக்கு, 2017 ரெகுலேஷன் லேப்பில் முதலாவதாக இருந்த கரண்ட் பில் கணக்கு. கனெக்‌ஷன் என்று ஒரு கிளாஸ். அதற்குள் நுகர்வோர் எண், பெயர், போன மாத ரீடிங், இந்த மாத ரீடிங், வீடா கடையா என்ற வகை. மெயினில் இரண்டு கனெக்‌ஷன் உருவாக்குங்கள். இப்போது தாளை எடுத்து இடது பக்கம் வேரியபிள் பெயர்களை எழுதுங்கள், வலது பக்கம் ஒவ்வொரு 'நியூ'வுக்கும் (ஆப்ஜெக்டை உருவாக்கும் சொல்) ஒரு கட்டம் போட்டு உள்ளே அதன் மதிப்புகளை எழுதுங்கள், வேரியபிளிலிருந்து கட்டத்துக்கு ஒரு அம்பு. விதி இவ்வளவுதான்: 'நியூ' இருந்தால் புதுக் கட்டம், இல்லையென்றால் கிடையாது. அதனால் மூன்றாவதாக ஒரு வேரியபிளை அறிவித்து அதில் முதல் வேரியபிளைப் போட்டால் புதுக் கனெக்‌ஷன் பிறப்பதில்லை, அதே கட்டத்துக்கு இன்னொரு அம்பு போகிறது, அவ்வளவுதான். மூன்றாவது வழியாக ரீடிங்கை மாற்றிவிட்டு முதல் வேரியபிளின் பில்லை அச்சிட்டுப் பாருங்கள், அதுவும் மாறியிருக்கும். இது உங்களுக்கு ஆச்சரியமாக இருந்தால் அடுத்த யூனிட்டுக்குப் போக வேண்டாம். ஆச்சரியம் போகும்வரை இப்படிச் சின்னச் சின்ன ப்ரோகிராம்களை எழுதி, ஓட்டுவதற்கு முன்னால் விடையைத் தாளில் சொல்லிப் பழகுங்கள்.

வரைந்தது சரியா என்று பார்க்க பைத்தான் டியூட்டர் என்ற இலவச இணையதளம் இருக்கிறது. பெயரில் பைத்தான் இருந்தாலும் ஜாவாவும் ஓடும். ஒவ்வொரு வரிக்கும் கட்டமும் அம்புமாக அதுவே படம் போட்டுக் காட்டும். இன்னொன்று ப்ளூஜே, ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் 1999-இல் தொடங்கி, கற்பிப்பதற்கென்றே உருவாக்கிய மென்பொருள். அதில் மெயின் எழுதாமலே ஒரு கிளாஸின் மேல் ரைட் கிளிக் செய்து ஆப்ஜெக்ட் உருவாக்கலாம், அதன் மெத்தட்களை (கிளாஸுக்குள் எழுதிய ஃபங்ஷன்கள்) கூப்பிடலாம், உள்ளே இருக்கும் மதிப்புகளைத் திறந்து பார்க்கலாம். முதல் மாதத்துக்கு எக்லிப்ஸ் போன்ற பெரிய எடிட்டரைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் கருத்து.

படம் வரையத் தெரிந்தவர்களுக்கு லேப்பில் வரும் பல பிழைகள் தாமாகவே விளங்கும். ஸ்கேனர் (கீபோர்டில் டைப் செய்வதைப் படிக்கும் கிளாஸ்) வழியாக வகையை வாங்கி, அது 'வீடு' தானா என்று இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிடுகிறீர்கள், சரியாகத்தான் டைப் செய்தீர்கள், ஆனாலும் ஃபால்ஸ் வருகிறது. காரணம், இரட்டைச் சமக்குறி கேட்பது இரண்டு அம்பும் ஒரே கட்டத்துக்குப் போகிறதா என்பதை. உள்ளே இருக்கும் எழுத்துகள் ஒன்றா என்று கேட்க ஈக்வல்ஸ் மெத்தட் வேண்டும். இதில் குழப்பம் என்னவென்றால், இரண்டு ஸ்ட்ரிங்கையும் நீங்களே ப்ரோகிராமுக்குள் மேற்கோளில் எழுதியிருந்தால் இரட்டைச் சமக்குறி ட்ரூ என்றே சொல்லும், ஏனென்றால் அப்படி எழுதும் ஸ்ட்ரிங்குகளுக்கு ஜாவா ஒரே கட்டத்தைப் பகிர்ந்து கொடுக்கிறது. அதனால் சோதித்தபோது ஓடிய ப்ரோகிராம் எக்ஸாமினர் முன்னால் காலை வாரும். இன்டிஜர் ஆப்ஜெக்டிலும் இதே கதை உண்டு: மைனஸ் 128 முதல் 127 வரையுள்ள எண்களுக்கு ஜாவா ஏற்கெனவே செய்து வைத்த கட்டங்களைக் கொடுக்கிறது, அதனால் 100-ஐ இரண்டு இன்டிஜர்களில் போட்டு ஒப்பிட்டால் ட்ரூ, 1000-ஐப் போட்டு ஒப்பிட்டால் பொதுவாக ஃபால்ஸ்.

நல் பாயின்டர் எக்ஸெப்ஷன் என்ற பிழையும் அப்படித்தான், நல் என்றால் எந்தக் கட்டத்தையும் காட்டாத வெற்று மதிப்பு. ஐந்து கனெக்‌ஷனுக்கு ஒரு அரே உருவாக்கினால் ஐந்து கனெக்‌ஷன் வந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். வந்தது ஐந்து காலி இடங்கள். எல்லாவற்றிலும் நல், எங்கேயும் அம்பு இல்லை. லூப் போட்டு ஒவ்வொன்றுக்கும் 'நியூ' எழுத வேண்டும். ஜாவா 15 முதல் எந்த இடத்தில் நல் இருந்தது என்பதையும் பிழைச் செய்தியே சொல்லிவிடுகிறது, சிவப்பைப் பார்த்ததும் பதறாமல் முதல் வரியை முழுதாகப் படியுங்கள்.

ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் இரண்டு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும். நீங்கள் ஒரு கன்ஸ்ட்ரக்டர் எழுதிய உடனே ஜாவா தானாகக் கொடுத்த காலி கன்ஸ்ட்ரக்டர் போய்விடும், வேண்டுமென்றால் அதையும் நீங்களே எழுத வேண்டும். பாராமீட்டருக்கும் ஃபீல்டுக்கும் (ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் வேரியபிள்) ஒரே பெயர் வைத்து, இந்த ஆப்ஜெக்டுடையது என்று குறிக்கும் 'திஸ்' போடாமல் விட்டால் பாராமீட்டர் தன் மதிப்பைத் தனக்கே போட்டுக்கொள்ளும், கம்பைலர் பிழை என்று நிறுத்தாது, பில்லில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நல் என்று வரும்.

இப்போது அந்த நான்கு சொற்களுக்குத் திரும்பலாம். இந்த மாத ரீடிங் போன மாத ரீடிங்கைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. ஃபீல்ட் பப்ளிக்காக இருந்தால் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம், பில் மைனஸில் வரும். அதனால் ப்ரைவேட் (கிளாஸுக்குள் மட்டும் தொடக்கூடியது) ஆக்கி, ரீடிங்கைப் பதிவு செய்யும் ஒரே ஒரு மெத்தட் கொடுத்து, குறைவான எண் வந்தால் அங்கேயே மறுத்துவிடுங்கள். என்கேப்சுலேஷனின் வேலை இதுதான். எல்லா ஃபீல்டுக்கும் கெட்டர், செட்டர் (மதிப்பைக் கொடுக்கும், மாற்றும் மெத்தட்கள்) என்று எடிட்டரில் ஒரு கிளிக்கில் வரவழைப்பது இதுவாகாது. எதையும் சரிபார்க்காத செட்டருக்கும் பப்ளிக் ஃபீல்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

பாலிமார்ஃபிசத்துக்கும் இதே கணக்கு போதும். பில் போடும் மெத்தடில் 'வகை வீடு என்றால் இந்த ரேட், கடை என்றால் அந்த ரேட்' என்று இஃப் போட்டு முதலில் முழுதாக எழுதி முடியுங்கள். பிறகு தொழிற்சாலை என்று மூன்றாவது வகையைச் சேர்த்துப் பாருங்கள், எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது என்று தெரியும். அடுத்து கனெக்‌ஷனை அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் ஆக்கி, கட்டணம் என்ற மெத்தடை உடம்பில்லாமல் விட்டு, வீட்டுக் கனெக்‌ஷன், கடைக் கனெக்‌ஷன் என்று இரண்டு கிளாஸ்களில் அதை நிரப்புங்கள். ஒரே அரே, ஒரே லூப், ஆனால் ஒவ்வொன்றும் தன் ரேட்டில் பில் போடும், இதுதான் பாலிமார்ஃபிசம். இங்கே குழம்பினால் இரண்டு கேள்வியைத் தனித்தனியாகக் கேளுங்கள்: இந்த மெத்தடைக் கூப்பிட அனுமதி உண்டா? அதை வேரியபிளின் டைப்பைப் பார்த்து கம்பைலர் சொல்கிறது. எந்தக் கிளாஸின் மெத்தட் ஓடும்? அதை அம்பு காட்டும் கட்டம் சொல்கிறது. ஓவர்ரைடிங் (தாய்க் கிளாஸின் மெத்தடைச் சேய்க் கிளாஸ் மாற்றி எழுதுவது) பற்றி வரும் அவுட்புட் கேள்விகளை இந்த இரண்டை வைத்தே சமாளிக்கலாம். ஓவர்லோடிங் (ஒரே பெயரில், வேறு பாராமீட்டர்களோடு பல மெத்தட்கள்) வேறு, எந்த வடிவம் என்பது கம்பைல் ஆகும்போதே முடிவாகிவிடும்.

ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றைப் பிறப்பிக்கும் இன்ஹெரிட்டன்ஸைக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்வேன், ஏனென்றால் அதைத்தான் தேவையில்லாத இடத்திலெல்லாம் போடுகிறார்கள். 2021 ரெகுலேஷன் லேப் சிலபஸில் எம்ப்ளாயீ என்ற கிளாஸிலிருந்து ப்ரோகிராமர், அசிஸ்டென்ட் ப்ரொஃபசர், அசோசியேட் ப்ரொஃபசர், ப்ரொஃபசர் என்று பிரித்து, அடிப்படைச் சம்பளத்தில் 97 சதவீதம் டிஏ (அகவிலைப்படி), 10 சதவீதம் ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) என்று பே ஸ்லிப் போடும் பயிற்சி இருக்கிறது. ரெக்கார்டுக்குக் கேட்டபடியே எழுதுங்கள். எழுதி முடித்த பிறகு யோசியுங்கள்: அசிஸ்டென்ட் ப்ரொஃபசருக்குப் பதவி உயர்வு வந்தால் என்ன செய்வது? ஒரு ஆப்ஜெக்ட் பிறந்த பிறகு ஜாவாவில் அதன் கிளாஸ் மாறாது. புது ஆப்ஜெக்ட் உருவாக்கி எல்லாவற்றையும் நகலெடுக்க வேண்டும், பழைய கட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்த அம்புகளையும் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். பதவியைத் தனிக் கிளாஸாக எழுதி எம்ப்ளாயீக்குள் ஒரு ஃபீல்டாக வைத்திருந்தால் அந்த ஒரு அம்பை மாற்றினால் போதும். ஜாவாவை உருவாக்கியவர்களிடமே இதற்கு உதாரணம் இருக்கிறது. ஜாவாவோடு வரும் ஸ்டாக் கிளாஸ், வெக்டர் கிளாஸிலிருந்து இன்ஹெரிட் செய்தது. அதனால் மேலே மட்டும் போட்டு எடுக்க வேண்டிய ஸ்டாக்கில் நடுவிலும் ஒன்றைச் செருகலாம். அதற்குப் பதிலாக, இரு முனையிலும் போட்டு எடுக்கும் டெக் இன்டர்ஃபேஸைப் பயன்படுத்தும்படி ஜாவாவின் ஆவணமே சொல்கிறது.

தினசரிப் பழக்கம் என்று பார்த்தால், லேப்பில் முடித்த ப்ரோகிராமை மறுநாள் பார்க்காமல் காலி ஃபைலில் திரும்ப எழுதுங்கள், சிக்கும் இடத்தில் படம் வரையுங்கள். ஏஐ கருவியிடம் விடை கேட்பதைவிட, அம்பு மாறும்படியான 15 வரி ப்ரோகிராம் ஒன்றைக் கொடு, அவுட்புட்டை நான் சொல்கிறேன் என்று கேளுங்கள், அப்புறம் அதை நீங்களே ஓட்டிச் சரிபாருங்கள். வைவாவில் பாலிமார்ஃபிசம் என்றால் என்ன என்று கேட்டால் வரையறையை ஒரு வரியில் சொல்லிவிட்டு, ரெக்கார்டில் நீங்கள் எழுதிய லூப்பைக் காட்டி எந்த வரியில் எந்த மெத்தட் ஓடுகிறது, ஏன் என்று சொல்லுங்கள்.